ஈரம் எங்கிருந்து வருகிறது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டின் சமையலறைச் சுவருக்கு ஐந்தாண்டுகளில் மூன்று முறை சாயம் அடித்தோம். மூன்று முறையும் தீபாவளிக்கு முன்பு அடித்த சாயம் சீனப் பெருநாள் வருவதற்குள் கொப்பளித்தது. கடைசி முறை ஒரு குத்தகைக்காரரை அழைத்து, ஈரம் புகாத சாயம் என்று அவர் சொன்னதற்குக் கூடுதலாகப் பணமும் கொடுத்தோம். அதுவும் அப்பளம்போல் உப்பி, விரல் பட்டதும் உதிர்ந்தது.

அம்மா நான்காவது முறைக்கு நிறம் தேர்ந்தெடுக்கத் தொடங்கியபோது அப்பா ஒன்றைக் கேட்டார். "சாயத்தை விடும்மா. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாராவது பார்த்தீர்களா?"

ஒருவரும் பார்க்கவில்லை. நான் பக்கத்து ஊரான பிறையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலையில் பதினேழு ஆண்டுகளாக இருக்கிறேன். அங்கே எண்ணெய் கசியும் இயந்திரத்தைத் துடைத்துவிட்டு மட்டும் போவதில்லை. கசிவு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடுவோம். என் வீட்டுச் சுவருக்கு அந்த மரியாதையை நான் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எந்த வேலையைத் தொட்டாலும் அப்பாவின் கேள்வியைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

சுவரில் ஈரம் தெரிந்தால் முதலில் செய்ய வேண்டிய சோதனைக்குச் சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளே போதும். ஓரடிச் சதுரம் வெட்டி, ஈரமான இடத்தைத் துடைத்துவிட்டு, நான்கு ஓரங்களையும் ஒட்டும் நாடாவால் காற்றுப் புகாமல் சுவரோடு ஒட்ட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால், சமையல் ஆவியோ அறைக் காற்றின் ஈரமோ குளிர்ந்த சுவரில் படிகிறது. சன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுப்பதுதான் மருந்து. சுவரைத் தொடும் பக்கம் ஈரமாக இருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்கள் தாளின் உட்பக்கத்தில் முத்து முத்தாகத் துளிகள் நின்றன.

சுவருக்குள் தண்ணீர் என்றால் அடுத்த சந்தேகம் குழாய்தான். சுவரை உடைக்கத் தொடங்குவதற்கு முன்பு தண்ணீர் மீட்டரைக் கேளுங்கள். இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, கூரைக்கு மேலுள்ள தொட்டி நிரம்பி மிதவை நிற்கும்வரை காத்திருந்து, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் யாரும் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பு மறுபடியும் பார்க்க வேண்டும். எண் ஓடியிருந்தால் கசிவு உண்டு. அப்போதும் உடனே சுவரைச் சந்தேகிக்க வேண்டாம். கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டியில் கொஞ்சம் கேசரிப் பொடியைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடாதீர்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் கசிவது அந்தத் தொட்டியின் ரப்பர் அடைப்புதான். எங்கள் வீட்டு மீட்டர் இரவு முழுக்க அசையவே இல்லை. குழாய்மீது பழியில்லை.

மிச்சம் இருந்தது வானம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயிலில் ஏணியைச் சாத்தினோம். (ஏணி சாயும் இடம் நான்கடி உயரம் என்றால், அதன் கால் சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருக்க வேண்டும். இந்தக் கணக்கைக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.) கூரை ஓரத்துத் தகரக் கால்வாயின் ஒரு முனையில் நான் வாளியால் தண்ணீர் ஊற்ற, அப்பா கீழே நின்று காது கொடுத்தார். தண்ணீர் மறுமுனைக்கு வந்து சேரவில்லை. நடுவில் ஒரு கொக்கி தளர்ந்து கால்வாய் தொய்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் பின்பக்கமாக வழிந்து, ஓரப் பலகையை நனைத்து, பூச்சில் இருந்த தலைமுடி அளவு வெடிப்பு வழியாகச் செங்கலுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஐந்து வருடம், ஒவ்வொரு மழைக்கும்.

கால்வாயைத் திரும்பக் கட்டுவதற்கு மட்டம் பார்க்க வேண்டும். ஆறு மீட்டர் நீளத்துக்கு ரசமட்டத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகும். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டம் இதற்கு எவ்வளவோ மேல். கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் பத்து மீட்டர் வாங்கி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீர் நிரப்பினால் போதும். இரு முனைகளையும் உயர்த்திப் பிடித்துக் கட்டைவிரலை எடுத்துவிட்டால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். நடுவில் மூலை இருந்தாலும் தூண் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நிற்கும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, வடிகால் பக்கத்துக் கோட்டை இரண்டு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கீழே இறக்கினோம். ஆறு மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர். இரண்டடிக்கு ஒரு கொக்கி. வெடிப்பை நோண்டி அகலப்படுத்தி அடைத்தோம். ஐந்து வருடமாக எங்களை ஏய்த்த தண்ணீரே அன்று எங்களுக்கு மட்டம் காட்டியது. அந்த நாளை நினைத்தால் இப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் கடினமான பகுதி: காத்திருப்பது. மூலத்தை அடைத்துவிட்டோம் என்பதற்காக மறுவாரமே சாயம் அடித்தால், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் திரும்பவும் தள்ளும். சுவரின் கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. பழைய சாயத்தைச் சுரண்டிவிட்டு, வெள்ளையாகப் பூத்து வந்த உப்பை உலர்ந்த தூரிகையால் மட்டும் தட்டி எடுத்தோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளேயே போய்விடும். அந்தச் சுவர் நான்கு மாதத்துக்கு மேல் அம்மணமாக இருந்தது. வீட்டுக்கு வந்த உறவினர்கள் எல்லாரும் கேட்டார்கள். அம்மா பொறுத்துக்கொண்டார்.

இதைச் சொல்லும்போது பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரத்துப் பழைய கடைவீடுகளைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெர்ரியில் கடலைக் கடந்து சூலியா சாலைப் பக்கம் நடந்தால், பழைய சுவர்களின் அடிப்பகுதி மட்டும் சிதைந்து உதிர்வதைப் பல இடங்களில் பார்க்கலாம். அந்தச் சுவர்கள் மென்மையான செங்கலாலும் சுண்ணாம்புக் காரையாலும் கட்டப்பட்டவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே மூச்சுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக்போன்ற சாயமும் அடித்தால் மூச்சு அடைபடும். ஈரம் இன்னும் உயரே ஏறும், செங்கல் பொடியும். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் அந்த நகரம் சேர்ந்த பிறகு, சுண்ணாம்புப் பூச்சின் அருமையை எடுத்துச் சொல்லும் குரல் இங்கே வலுத்திருக்கிறது. உங்கள் குடும்பத்துக்கு அப்படியொரு பழைய வீடு இருந்தால், சிமென்ட் மூட்டையைத் திறப்பதற்கு முன்பு சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரிடம் பேசுங்கள். நீங்களே சுண்ணாம்பு நீற்றுவதானால் தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும்; சுண்ணாம்பின்மேல் தண்ணீரைக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கால்வாய் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் அந்தத் தண்ணீரை ஏன் வடிகாலில் விட வேண்டும் என்று தோன்றியது. கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் பின்கூரை நான்குக்கு ஐந்து மீட்டர். இருபது மில்லிமீட்டர் மழை பெய்தால் நானூறு லிட்டர், இரண்டு நீலப் பீப்பாய்கள் நிறையும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இங்கே பெய்யும் மழைக்கு அது ஒரு மாலைப்பொழுது வேலை. பீப்பாய் வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். உணவுப் பொருள் வந்த பீப்பாய் மட்டுமே கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் ஊற்றத் தகுந்தது. நிரம்பி வழியும் தண்ணீருக்கு ஒரு குழாய் வைத்து வடிகாலில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் சுவர்தான்.

இருநூறு லிட்டர் தண்ணீர் இருநூறு கிலோ. மண்மேல் வைத்தால் ஒரு பக்கம் புதைந்து சாயும். அதனால் நான்கு அங்குலக் கனத்தில் ஒரு கான்கிரீட் மேடை போட்டோம். சிமென்ட் ஒரு வாளி, மணல் இரண்டு, ஜல்லி நான்கு. இந்த விகிதம் எல்லாருக்கும் தெரியும், தவறுவது தண்ணீரில்தான். ஐம்பது கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து லிட்டர் போதும். கலக்குவதற்குச் சுலபமாக இருக்கிறது என்று கஞ்சிபோல் ஆக்கினால், மிஞ்சிய தண்ணீர் ஆவியாகி அந்த இடமெல்லாம் நுண்ணிய ஓட்டையாக நிற்கும், மேடை பலமிழக்கும்.

சிமென்ட் காய்ந்து இறுகுகிறது என்றே நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அது தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. வெயிலில் சீக்கிரம் உலர்ந்துவிட்டால் அந்த வினை பாதியில் நின்றுவிடும். போட்ட அன்று மழை வந்து மேல்பரப்பைக் கரைக்காமல் பிளாஸ்டிக் விரிப்பால் மூடினோம். மறுநாளிலிருந்து ஏழு நாள் சாக்கை நனைத்துப் போட்டு ஈரமாகவே வைத்திருந்தோம். சுவரிலிருந்து ஈரத்தை விரட்ட ஒரு பக்கம் பாடுபட்டுக்கொண்டு, நான்கடி தள்ளி இன்னோர் ஈரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த வாரம் அது. மீந்த சிமென்டைப் பலகைமேல், சுவரைத் தொடாமல், பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள். சில மாதம் கழித்துத் திறக்கும்போது விரலால் நசுக்கியும் உடையாத கட்டி இருந்தால் அந்த மூட்டையை எடைதாங்கும் வேலைக்கு எடுக்காதீர்கள். ஈர சிமென்ட் தோலை அரிக்கும்; கையுறை கட்டாயம்.

பீப்பாய் வைத்த வீட்டில் கொசுவை மறக்கக் கூடாது. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு பையன் டெங்கியால் மருத்துவமனையில் கிடந்ததைப் பார்த்த பிறகு இதில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை என்ற கணக்குத் தவறக் கூடாது. பீப்பாய் வாய்க்கு நுண்ணிய கம்பிவலை. கூரைக் கால்வாயில் இலை தேங்காமல் பார்ப்பது. பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்ப்பது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது, முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உலர்ந்தும் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதமும் உண்டு.

இனி கருவிகள். இதைப் பற்றிப் பேசத்தான் எனக்கு அதிக ஆசை.

அப்பா பிறந்தது நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில். பாட்டி பால்வெட்டுக்காரர். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை, லயமும் இல்லை. பாட்டியின் பால்வெட்டுக் கத்தி மட்டும் எங்கள் பட்டறை ஆணியில் தொங்குகிறது. இருட்டில் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போவதற்கு முன்பு, அடுப்பு வெளிச்சத்தில் பாட்டி கத்தி தீட்டும் ஒலியில்தான் தான் விழித்ததாக அப்பா சொல்வார். வெளிப்பக்கத்துக்குத் தட்டையான கல், பள்ளமான உட்பக்கத்துக்கு விரல்போன்ற சிறு கல். ஒவ்வொரு வெட்டிலும் எடுக்க வேண்டிய பட்டை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். மழுங்கிய கத்தி சீவாமல் பிய்க்கும். அழுத்தினால் உள்ளே மரத்தின் உயிர்ப்படலத்தைக் காயப்படுத்தும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே வெட்ட முடியாது. மழை பெய்த காலையில் பட்டை நனைந்திருந்தால் பால், அதைப் பிடிக்கும் மங்குக்குள் போகாமல் மரமெல்லாம் பரவிவிடும். அன்று வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அந்த நாளில்கூடப் பாட்டி கத்தியை எடுத்துத் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைப்பாராம்.

ஏன் என்று இப்போது புரிகிறது. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். பினாங்கில் அது 80ஐ ஒட்டியே நிற்கிறது. பட்டர்வொர்த்தில் கடலுப்பும் சேர்கிறது. ஆகவே இங்கே கருவியைச் சும்மா வைத்திருப்பதே அதைத் தேயவிடுவதுதான். வேலை முடிந்ததும் மரத்தூளைத் தட்டிவிடுங்கள், அது ஈரத்தை இழுக்கும். தையல் இயந்திர எண்ணெயை ஒரு துணியில் ஊற்றி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கருவியையும் துடைத்தபிறகே வைக்கும் பழக்கம் போதும். உளியைத் தோல் உறையிலோ அட்டைப் பெட்டியிலோ வைக்காதீர்கள். நன்றாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிப் பைகளோடு வைத்தால் நல்லது. அந்த மணிகள் ஈரம் குடித்துவிட்டால், துணிப்பையிலிருந்து எடுத்துத் தட்டில் பரப்பி, 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடியும் வேலை செய்யும்.

ஏற்கெனவே துருப்பிடித்ததையும் எறிய வேண்டாம். லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் காலையில் போனால், தரையில் விரித்த துணிமேல் பழைய உளிகளும் இழைப்புளிகளும் கிடக்கும். மேலே பழுப்பாகப் படர்ந்த துருவுக்குப் பயப்படாதீர்கள். அம்மைத் தழும்புபோல் குழி விழுந்திருக்கிறதா என்று வெட்டுமுனைக்குப் பின்புறம் தடவிப் பாருங்கள். அங்கே குழியில்லை என்றால் வாங்கலாம். சாதாரண வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, இரும்புப் பஞ்சால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவுங்கள். அந்த "உடனே" முக்கியம். வினிகரிலிருந்து எடுத்த இரும்பு கண்ணெதிரே பழுப்பேறும். வினிகரையும் குளோரின் கலந்த வெளுப்பானையும் ஒரே இடத்தில் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

தீட்டுவதற்கு விலையுயர்ந்த கல் வேண்டியதில்லை. தடித்த கண்ணாடித் துண்டின்மேல் நீர்த்தேய்ப்புத் தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை) ஒட்டி, 400, 800, 1500, 2000 என்று வரிசையாகப் போனால் உளியில் முகம் பார்க்கலாம். உளிக்கு 25லிருந்து 30 டிகிரி. தேங்காய் வெட்டும் பாராங்குக் கத்திக்கு இன்னும் தடித்த முனை வேண்டும், மெல்லியதாக்கினால் ஓட்டில் பட்டு மடங்கும். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழுவதைக் கட்டைவிரலால் குறுக்கே தடவி உணர வேண்டும். நீளம் முழுக்கப் பிசிறு எழாமல் அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. தொழிற்சாலைக்கு வரும் புதுப் பயிற்சியாளர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மரத்துக்கும் அதே கேள்விதான். மலிவாகக் கிடைக்கும் ரப்பர் மரம் வீட்டுக்குள் அழகு. வெளியே வைத்தால் பூஞ்சையும் வண்டும் விடாது. லேசான மெரந்தி மரமும் மழையில் நெடுநாள் நிற்காது. மண்ணைத் தொடும் வேலைக்குச் செங்கால் (chengal) என்ற உறுதியான மரம் கிடைத்தால் நல்லது, ஆனால் விலை அதிகம். ஆகவே நாங்கள் மரக்கால்களுக்குக் கீழே கான்கிரீட் கட்டைகள் வைத்துவிடுகிறோம். பலகை காய்ந்துவிட்டதா என்று தெரிய ஒரு துண்டை வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள்; எடை குறைவது நின்றால் காய்ந்தது. பழைய மரச் சரக்குத் தட்டுகளை (பேலட்) பிரித்து வேலை செய்கிறவர்கள் அதில் எரித்துப் பதித்த முத்திரையைப் படியுங்கள். எச்.டி. (HT) என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது, வேண்டாம். சுவரோடு மரத்தை அடுக்காதீர்கள். கரையான் கட்டும் மண்குழாய் அதன் மறைவில்தான் ஏறும். ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது. அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள்.

மின்சாரத்தில் நான் கை வைப்பது பிளக் வரைக்கும்தான். பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள் கம்பிகளை அதனதன் இடத்தில் முறுக்குவது, சிறு கருவிக்கு 13 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பதிலாக 3 ஆம்பியர் போடுவது, மாதம் ஒருமுறை மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்துவது. சுவருக்குள் ஓடும் கம்பி, எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனின் வேலை.

சமையலறைச் சுவருக்குப் போன தீபாவளிக்குச் சாயம் அடித்தோம். அம்மா தேர்ந்தெடுத்த வெளிர் மஞ்சள். ஓரடிச் சதுரம் அலுமினியத் தாளை மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒட்டி வைத்திருக்கிறோம். பெருமழை பெய்த மறுநாள் காலை அப்பா அதன் ஓரத்தை மெல்ல உரித்து, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார். உலர்ந்திருந்தால் திரும்ப ஒட்டிவிட்டுத் தேநீர் கேட்பார்.